மாமிக்கு எவ்வளவு உதவி வேண்டும்: கொப்பியில் எழுதிப் பார்த்த கணக்கு

பாரிசவாதம் வந்த ஒருவரை ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது சொந்தக்காரர் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "ஆள் வைக்க வேணுமா?" இதற்கு ஆம், இல்லை என்று பதில் தேடினால் குடும்பம் இரண்டாகப் பிரியும். மாமிக்கு வாதம் வந்தபோது எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஜேர்மனியில் இருக்கும் மச்சாள், "காசு நான் அனுப்புறன், முழுநேரத்துக்கும் ஒரு ஆளைப் பாருங்க" என்றார். குருக்கள்மடத்தில் கலியாணம் முடித்திருக்கும் மச்சான் பின்னேரம் வந்து பார்த்துவிட்டு, "அம்மா நல்லாத்தானே இரிக்கா. தன்ட கையால சாப்பிடுறா. ஆள் என்னத்துக்கு?" என்றார். இருவர் சொன்னதிலும் பொய் இல்லை. மச்சாளுக்கு நாங்கள் தொலைபேசியில் சொன்னது இரவில் நடப்பதை. மச்சான் கண்டது குளித்து, சாப்பிட்டு, படுத்தெழும்பி உட்கார்ந்திருந்த அம்மாவை.

நான் இந்த வீட்டு மருமகன். எங்கள் பகுதியில் வீடு பெண்பிள்ளைக்கு. கலியாணம் முடித்தவன் மனைவி வீட்டுக்கு வந்துவிடுவான், அவளைப் பெற்றவர்கள் கடைசிவரை அதே வளவில் இருப்பார்கள். ஊர் இலங்கையில் மட்டக்களப்புப் பக்கம் களுதாவளை. மனைவி ஆசிரியை. எனது போட்டோக்கொப்பிக் கடை வீட்டின் முன்பக்கத்திலேயே இருக்கிறது. ஆகவே பாடசாலை நாட்களில் மனைவி வெளிக்கிட்ட நேரத்திலிருந்து திரும்பி வரும்வரை மாமிக்குப் பக்கத்தில் இருப்பவன் நான்தான். மாமி வெற்றிலைத் தோட்டத்தில் பாடுபட்டுப் பிள்ளைகளை வளர்த்தவர். சீனியும் பிரஷரும் முன்பே இருந்தன. வாதம் இடப்பக்கத்தைத் தாக்கியது. பேச்சு தெளிவாக இருக்கிறது, நினைவு மட்டும் சில நேரங்களில் தடுமாறும்.

மச்சாள் அங்கே முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார். ஜேர்மனியில் 1995 முதல் பராமரிப்புக்கென்றே தனிக் காப்புறுதி இருக்கிறது. விண்ணப்பித்தால் மதிப்பீட்டாளர் வீட்டுக்கே வருவார். முன்பெல்லாம் ஒரு நாளைக்கு எத்தனை நிமிட உதவி தேவை என்று எண்ணினார்களாம். 2017இலிருந்து அந்த முறை மாறி, ஆள் எவ்வளவு தூரம் தானாகச் செய்கிறார் என்று பார்த்து 5 தரங்களில் ஒன்றில் சேர்க்கிறார்கள். நடமாட்டம், விளங்கிக்கொள்ளல், நடத்தை, தன்னைத் தானே கவனித்தல், மருந்தும் சிகிச்சையும், அன்றாட வாழ்க்கை என்று 6 பகுதிகள். அதிலே குளிப்பு, உடுப்பு, சாப்பாடு, மலசலகூடம் அடங்கிய பகுதிக்கு மட்டும் 40 வீதம். நமது நாட்டில் அப்படி வந்து அளந்து தரம் சொல்ல ஒருவரும் இல்லை. அளப்பது வீட்டிலிருக்கும் நமது வேலை. "மதிப்பீட்டாளர் வர முதல் ஒரு கொப்பியில எல்லாத்தையும் எழுதி வைங்க எண்டு இஞ்ச வீட்டுக்காரருக்குச் சொல்லுவம். நீங்களும் எழுதுங்க" என்றார் மச்சாள். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது பெரும்பாலும் அந்தக் கொப்பியைப் பற்றியதுதான்.

ஒற்றை றூள் கொப்பி ஒன்று போதும். நேரம், என்ன வேலை, யார் செய்தது, கடைசியில் ஓர் எண். அந்த எண்ணில்தான் விடயம் இருக்கிறது. தானாகச் செய்தால் 0. வாயால் ஞாபகப்படுத்தினால் போதும் என்றால் 1. தொட வேண்டியதில்லை, ஆனால் பக்கத்தில் நிற்க வேண்டும் என்றால் 2. ஒரு கை கொடுக்க வேண்டுமானால் 3. முழுவதையும் நாமே செய்தால் 4. இரண்டு பேர் இல்லாமல் ஏலாது என்றால் 5. குறைந்தது ஒரு கிழமைக்கு, இரவையும் சேர்த்து எழுதுங்கள். சனி, ஞாயிறை விட்டுவிட வேண்டாம். காரணம் பின்னால் சொல்கிறேன்.

எல்லாரும் கணக்கில் எடுக்காமல் விடுவது 2ஐ. "ஒண்டும் செய்யத் தேவையில்ல, சும்மா நிண்டாப் போதும்" என்பார்கள். நிற்பவருக்குத்தான் தெரியும், அந்த நேரத்தில் வேறு எதுவும் செய்ய முடியாது. மாமி மலசலகூடத்துக்குள் இருக்கும்போது கடைக்கு ஒரு பிள்ளை போட்டோக்கொப்பி எடுக்க வந்தால் நான் போக முடியாது. உடம்பு நோகாத வேலைதான், ஆனாலும் அது ஓர் ஆளின் நேரம்.

பக்கங்கள் நிரம்பியதும் விரித்துப் பார்த்தோம். உதவி நாள் முழுவதும் ஒரே மாதிரிப் பரவியிருக்கவில்லை. விடியப்புறம் 5 மணிக்கும் 7 மணிக்கும் இடையில் 3உம் 4உம் நெருக்கமாக இருந்தன: மலசலகூடம், பல் துலக்கல், குளிப்பு, உடுப்பு, சீனி பார்த்தல், சாப்பாடு, குளிசை. 9 மணிக்குப் பிறகு பின்னேரம் 3 மணி வரை மலசலகூடம் தவிர்த்துப் பெரும்பாலும் 0, 1, இடைக்கிடை 2. இரவு 11 மணிக்குப் பின் மறுபடியும் 4. சலம் கழிக்க எழும்பும் நேரம் அது.

ஊரில் ஆள் வைப்பவர்கள் பொதுவாகக் காலை 8 முதல் பின்னேரம் 4 வரை என்றுதான் பேசுகிறார்கள். வருபவருக்கு அது வசதி. ஆனால் எங்கள் கொப்பியின்படி மாமிக்கு உதவி மிகக் குறைவாகத் தேவைப்படும் நேரமே அதுதான். அதற்கு மாதச் சம்பளம் கொடுத்துவிட்டு, விடியப்புறமும் இரவிலும் நாங்களே முறிந்துகொண்டிருந்திருப்போம். ஆகவே பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் ஓர் அக்காவைக் காலையில் 2 மணித்தியாலத்துக்கு மட்டும் வரச் சொன்னோம். மச்சாள் அனுப்பவிருந்த காசில் மிச்சம் வீட்டைத் திருத்தப் போனது.

வீட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் வளவு முழுக்க மணல். கடலோரத்து ஊர்கள் எல்லாம் இப்படித்தான். வாக்கரின் கால்கள் மணலில் புதையும், சக்கர நாற்காலியின் முன்சில்லு திரும்பவே திரும்பாது. மலசலகூடம் பின்வளவில், இரண்டு படி ஏறி, குந்தியிருக்கும் வகை. கொப்பியில் மலசலகூடத்துக்கு நேரே எப்போதும் 4, சில இரவுகளில் 5. மாமியின் கால் அவ்வளவு மோசமா என்று பார்த்தால், வீட்டுக்குள் சீமெந்துத் தரையில் அதே மாமி வாக்கருடன் 2இல் நடக்கிறார்! மணலும் படியும் குந்துவதும்தான் அந்த எண்ணை உயர்த்தியிருந்தன. பின்கதவிலிருந்து சீமெந்துக் கற்கள் பதித்தோம். படியைச் சரிவாக்கினோம். சுவரில் இரும்புக் குழாயால் கைபிடி, உள்ளே உயரமான இருக்கை. கட்டிலுக்குப் பக்கத்தில் இரவுக்கு ஒரு கொமட் கதிரை. மறுபடி எழுதியபோது பகலில் அந்த 4, 2ஆக இறங்கியிருந்தது. மாமியின் உடம்பில் எந்த மாற்றமும் இல்லை. ஆள் வைப்பதா என்று முடிவெடுக்க முன்னர் வீட்டில் செய்யக்கூடிய திருத்தங்களைச் செய்துவிட்டு இன்னொரு தடவை எழுதிப் பாருங்கள் என்று நான் எல்லாரிடமும் கெஞ்சிக் கேட்பது இதனால்தான். கைபிடி பொருத்தும்போது நோயாளியின் பலமான கை எந்தப் பக்கம் என்று பாருங்கள். உள்ளே போகும்போது வலப்பக்கத்தில் இருப்பது வெளியே வரும்போது இடப்பக்கமாகிவிடும், ஆகவே இரண்டு பக்கமும் தேவைப்படும். கட்டிலும் கதிரையும், உட்கார்ந்தால் பாதம் முழுவதும் தரையில் படும் உயரத்தில் இருக்க வேண்டும். கயிற்றுக் கட்டில் தொய்ந்தால் எழும்பவே ஏலாது.

பிசியோதெரபி கிளினிக்கில் ஒரு தாளில் 10 விடயங்களுக்குப் புள்ளி போட்டார்கள். பார்தெல் அளவுகோல் என்று பெயர், 1965இல் அமெரிக்காவில் வெளிவந்தது. மொத்தம் 100 புள்ளி. கட்டிலிலிருந்து கதிரைக்கு மாறுவதற்கும் நடப்பதற்கும் ஒவ்வொன்றுக்கும் 15, குளிப்புக்கும் முகம் தலை பார்ப்பதற்கும் ஒவ்வொன்றுக்கும் 5, சாப்பாடு, உடுப்பு, மலம், சலம், மலசலகூடப் பாவனை, படியேறுதல் ஒவ்வொன்றுக்கும் 10. இதன் விதிகளில் ஒன்றை வீட்டில் எழுதும்போதும் கைவிடக் கூடாது: ஆளால் என்ன செய்ய முடியும் என்பதை எழுதக் கூடாது, உண்மையில் நாளாந்தம் என்ன செய்கிறார் என்பதை எழுத வேண்டும். பக்கத்தில் ஒருவர் காவல் நின்றால்கூட அது தானாகச் செய்ததாகாது.

மாமிக்கு அப்போது 55 வந்தது. மச்சான், "பாதிக்கு மேல சுகம்தானே" என்றார். எண் மட்டும் தனியே நின்றால் அப்படித்தான் தோன்றும். அதே 55 எடுத்த இன்னொருவருக்கு நடை முழுதாக இருந்து, மலசலம் கட்டுப்படாமல் இருக்கலாம். அவருக்குத் தேவை வேறு, ஆள் வேறு, நேரம் வேறு. இரவும் மறதியும் பயமும் இந்தத் தாளில் இல்லவே இல்லை. மாமி காலைக் குளிசையை எடுத்துவிட்டு, எடுக்கவில்லை என்று நினைத்து மறுபடி கேட்பார். சீனிக் குளிசையில் அது ஆபத்து. தொலைபேசி, கடைக்குப் போதல், சமையல், வீட்டு வேலை, துணி துவைத்தல், போக்குவரத்து, மருந்து, பணம் என 8 விடயங்களைப் பார்க்கும் லோட்டன் அளவுகோல் என்று 1969இல் வந்த இன்னொன்றும் இருக்கிறது. நம் வீட்டுக்கு ஏற்ற மாதிரி நாமே கேள்விகளை ஆக்கலாம். காஸ் அடுப்பை மூட்டியவர் நிற்பாட்டுகிறாரா? யாரென்று தெரியாதவர் படலையில் கூப்பிட்டால் என்ன செய்கிறார்? பெரிய றோட்டைக் கடக்கத் தனியே போக முயல்கிறாரா? நடக்கக்கூடிய, ஆனால் மறதியுள்ள ஒருவருக்குப் படுக்கையில் இருப்பவரைவிடக் கூடுதலான காவல் தேவைப்படலாம்.

இப்போது சனி, ஞாயிறு. சட்டை பொத்தான் போடுவதற்கு நேரே பாடசாலை நாட்களில் 4 என்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் 1. அதே சட்டை, அதே கை. வார நாட்களில் மனைவிக்கு பஸ் பிடிக்க வேண்டும், காத்திருக்க நேரமில்லை, அவரே பூட்டிவிடுவார். ஞாயிறு மாமி ஒரு கையால் மெதுவாகப் போட்டு முடிப்பார். எங்கள் அவசரம் எவ்வளவு, மாமியின் தேவை எவ்வளவு என்று பிரித்துக் காட்டியது அந்த இரண்டு எண்கள்தான். முன்பக்கம் ஒட்டும் பட்டி தைத்த சட்டைகளுக்கு மாறினோம். போடும்போது வலுவில்லாத கையை முதலில் விட வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும். பிசியோ சொல்லித்தந்த இந்த ஒரு விடயத்தால் பாதிப் போராட்டம் குறைந்தது. பகலில் மாமி இப்போதும் வெற்றிலை அடுக்கித் தருவார். தோட்டத்திலிருந்து மச்சான் கொண்டுவந்து வைப்பார். இடக்கை அழுத்திப் பிடிக்க, வலக்கை அடுக்கும். அதையும் கொப்பியில் 0 என்று பெருமையோடு எழுதுகிறோம்.

விருந்தாட்கள் வந்தால் மாமி வேறு ஆள். கிராம உத்தியோகத்தர் வந்த அன்று கொண்டை முடிந்து, கதிரையில் நிமிர்ந்திருந்து, "எனக்கு ஒண்டுமில்ல மனே, எல்லாம் நான்தான் செய்யிறன்" என்றார். அவர் போனதும் கட்டிலில் சாய்ந்து நெடுநேரம் எழும்பவில்லை. வாழ்க்கை முழுவதும் யாரிடமும் கைநீட்டாத பெண், அந்நியருக்கு முன்னால் வேறெப்படிச் சொல்வார்? அவர் முன்னிலையில் "இல்ல, இவவுக்கு ஏலாது" என்று மறுத்துப் பேசி மானத்தை வாங்காதீர்கள். கொப்பியிலிருந்து ஒரு பக்கச் சுருக்கத்தைப் படலையடியில் வைத்து உத்தியோகத்தரிடம் கொடுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். பிரதேச செயலகத்தில் சமூகசேவை உத்தியோகத்தரிடம் உபகரணம் கேட்கப் போனபோதும் அதே பக்கம் உதவியது. கிளினிக்கில் வைத்தியருக்கு நேரம் கொஞ்சம்தான். "இரவில் 3, பகலில் 2, கிழமைக்கு இத்தனை தரம் குளிசை மாறியது" என்று எழுதிய தாளை அவர் உடனே வாசிப்பார், வாயால் சொல்லும் நீண்ட கதைக்கு அவருக்கு இடமில்லை.

குளிப்பு விடயம் தனி. நான் ஆண், அதுவும் மருமகன். மாமியைக் குளிப்பாட்டவோ உடுப்பு மாற்றவோ என்னால் முடியாது. மாமி அதைத் தாங்கமாட்டார். ஒருநாள் மனைவி இல்லாத நேரம் சீலை நனைந்துபோக, "தம்பி, நீங்க போங்க, அவ வரட்டும்" என்று ஈரத்தோடு இருந்தார். ஆகவே கொப்பியில் இன்னொரு நிரல் சேர்த்தோம்: இந்த வேலையை யார் செய்ய மாமி சம்மதிப்பார்? வீட்டில் ஆள் இருந்தும் அந்த வேலைக்கு ஆள் இல்லை என்ற நிலை பல வீடுகளில் உண்டு. அந்த நேரங்களுக்குப் பக்கத்து வீட்டுப் பெரியம்மா வருவதாக ஏற்பாடு. தூக்குவது, நடத்துவது, குளிசை, சீனி பார்ப்பது, சாப்பாடு எல்லாம் என் பக்கம்.

சில தேவைகளை எண்ணால் எழுத முடியாது, கண்ணால் தேட வேண்டும். விழுங்குவது அதிலொன்று. வாதம் வந்தவர் தண்ணீர் குடிக்கும்போது இருமினால், குடித்தபின் குரல் கரகரத்து ஈரமாகக் கேட்டால், வலுவில்லாத பக்கக் கன்னத்தில் சோறு தங்கியிருந்தால், "தன்ட கையால சாப்பிடுறா" என்று 0 போட முடியாது. வைத்தியரிடம் சொல்ல வேண்டும். நிமிர்ந்து இருத்தி, சிறு வாயாகக் கொடுத்து, சாப்பிட்டபின் அரை மணித்தியாலமாவது படுக்கவிடாமல் வைத்திருக்கிறோம். மற்றது தோல். தானாகத் திரும்பிப் படுக்க முடியாதவரை 2 மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். ஆனால் படுக்கைப்புண் தொடங்கும்போது சிவக்கும் என்று படித்துவிட்டுச் சிவப்பைத் தேடிக்கொண்டிருந்தால், நம்முடைய கறுத்த தோலில் அது தெரியாமலே போகலாம். குண்டிப் பக்க எலும்பு, இடுப்பு, குதிக்கால் இவற்றைத் தொட்டுப் பாருங்கள். சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாக, இறுக்கமாக, அல்லது பொதுபொதுவென்று இருந்தால், தொட்டால் நோகிறது என்றால் அதுதான் அடையாளம். சீனி வருத்தக்காரரின் பாதத்தை ஒவ்வொரு நாளும் பார்க்க வேண்டும்.

கொப்பி எழுதுவதால் இன்னொரு பாதுகாப்பும் கிடைக்கிறது. 2ஆக இருந்தது மாதக்கணக்கில் மெல்ல 3ஆனால் அது முதுமையாக இருக்கலாம். நேற்று 2, இன்று 4 என்றால் அது வருத்தம். "வயசுபோன ஆள், இனி இப்படித்தான்" என்று ஆளைக் கூட்டுவது அதற்கு மருந்தல்ல. ஒருமுறை மாமி காலையில் ஆளையே அறியாமல் பேசி, எழும்பவும் மறுத்தார். சோதித்தபோது சலத்தில் கிருமி. மருந்து கொடுத்ததும் பழைய எண்ணுக்குத் திரும்பினார். தண்ணீர் போதாமை, சீனி 70க்குக் கீழே இறங்குதல், புதுக் குளிசை, மலச்சிக்கல் எல்லாமே இப்படிக் காட்டும். வாய் கோணினாலோ ஒரு கை திடீரென்று விழுந்தாலோ பேச்சுக் குழறினாலோ கொப்பியைத் தூக்கிப் போட்டுவிட்டு 1990 என்ற இலக்கத்துக்கு எடுங்கள், அம்புலன்ஸ் இலவசம். மூளையில் அடைத்த இரத்தக் கட்டியை உடைக்கும் மருந்துக்குத் தொடக்கத்திலிருந்து 4½ மணித்தியாலம்தான் கணக்கு, ஆகவே கடைசியாக நல்லாக இருந்த நேரம் எது என்று கட்டாயம் கேட்பார்கள்.

பராமரிப்பவரின் நித்திரையையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். என் மனைவியின் பெயருக்கு நேரே இரவு எழும்பிய தடவைகளை எழுதிவைத்தபோதுதான், மச்சானுக்கும் மச்சாளுக்கும் நாங்கள் வாயால் சொல்ல வெட்கப்பட்டது விளங்கியது. யாரையும் குறை சொல்லத் தேவைப்படவில்லை. மச்சான் சனி இரவுகளில் வந்து தங்கத் தொடங்கினார். மச்சாள் தூரத்திலிருந்து செய்யக்கூடிய ஒன்றைக் கேட்டார். பின்னேரம் விளக்கு வைக்கும் நேரத்தில், மாமி அமைதியிழந்து எழும்பப் பார்க்கும் நேரத்தில், வீடியோவில் எடுத்துக் கதைக்கச் சொன்னோம். தோட்டம், கோயில் திருவிழா, பழைய ஆட்கள் என்று கதை போகும். மாமி கதிரையை விட்டு அசையமாட்டார். அந்த நேரத்தில் மனைவி குளித்துவிட்டு வருவார்.

இப்போது எண்கள் நிலையாக இருக்கின்றன. மாதத்துக்கு ஒரு கிழமை மட்டும் எழுதுகிறோம், ஏதாவது மாறினால் உடனே எழுதுகிறோம். கொப்பியின் முன் அட்டைக்குள் ஒரு பக்கம் ஒட்டியிருக்கிறது: குளிசைப் பெயரும் நேரமும், கிளினிக் கொப்பி இருக்கும் இடம், எந்தப் பக்கம் நின்று தூக்க வேண்டும், தேத்தண்ணிக்குச் சீனி இல்லை, பெரியம்மாவின் நம்பர். நானோ மனைவியோ படுத்துவிட்டால் வருகிறவர் அதைப் பார்த்து நடத்தலாம். ஐப்பசியில் மாரி தொடங்கினால் பின்வளவில் தண்ணீர் நிற்கும், கற்களில் பாசி பிடிக்கும். போன மாரியில் மலசலகூடத்தின் எண் 2இலிருந்து 3க்கு ஏறியது. இந்த முறை மழைக்கு முன் பின்கதவிலிருந்து கூரை இழுத்து, கைபிடியையும் அங்கேவரை நீட்ட வேண்டும். மேசன் வந்து அளந்துவிட்டுப் போயிருக்கிறார்.